ஜாக்கி ஏற ஏற இறுகிய கதவு: பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போன அனுபவங்கள்

சோக் இழுத்தவன்

வாங்காமல் விட்ட கார் ஒன்று நான்கு வருடமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதினாலாவது நிற்கிறதா பார்ப்போம். உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

1971 எம்ஜிபி ரோட்ஸ்டர். குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், கரும்பச்சை. இந்த மன்றத்தில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். கதவைச் சாத்தினால் 'டப்' என்று ஒரே சத்தம். விற்பவர் இரண்டு தடவை திறந்து சாத்திக் காட்டினார். பானட்டுக்குள் சுத்தம், டிக்கிக்குள் சுத்தம். மனசுக்குள் அப்போதே வாங்கிவிட்டேன்.

ரோட்ஸ்டருக்குத் தகரக் கூரை கிடையாது. கதவுக்கு அடியில் ஓடுகிற 'சில்' என்கிற தகரச் சட்டம்தான் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது மட்கினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். இதைப் படித்திருந்ததால், சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்: "ஒரு பக்கம் ஜாக்கி போட்டுப் பார்க்கலாமா?" அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. அப்புறம் சரி என்றார்.

சில்லின் நடுப்பகுதிக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஏற்றினேன். முதலில் ஒன்றும் இல்லை. சக்கரம் தரையை விடப்போகிற நேரத்தில், காய்ந்த சருகை மிதித்தமாதிரி உள்ளே ஒரு சத்தம். கதவின் பின்விளிம்பைப் பார்த்தேன். ஏற்றுவதற்கு முன்னால் மேலிருந்து கீழ்வரை பேனா ரீஃபில் தடிமனுக்கு ஒரே சீராக இருந்த இடைவெளி, இப்போது மேலே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு விரிந்திருந்தது. கீழே கதவும் பாடியும் பெயின்ட்டோடு பெயின்ட் ஒட்டிக்கொண்டு நின்றன. கைப்பிடியை இழுத்தேன். கதவு வரவில்லை. இன்னும் ஓங்கி இழுக்கப் பயமாக இருந்தது.

ஜாக்கியை இறக்கியதும் மறுபடி 'டப்'. அவ்வளவு அழகாகச் சாத்தியது.

"இந்த மாடல் எல்லாமே அப்படித்தான்" என்றார். கிடையாது. சில் நன்றாக இருந்தால் இடைவெளி அசையாது. உள்தகரம் மட்கிக் கிடக்க, மேலே புதுத் தகரத்தை மூடியாக வைத்து வெல்டு அடித்துப் பட்டி பூசியிருந்தார்கள்.

எனக்கு உறுத்துவது இதுவல்ல. நான் வெளியே வரும்போது ஒரு பையனும், அவனுடைய அப்பாவாக இருக்கவேண்டும், பெரியவர் ஒருவரும் கார் பார்க்க உள்ளே வந்தார்கள். பையன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "எப்படி சார் இருக்கு வண்டி?" என்று என்னைக் கேட்டான். விற்பவர் பக்கத்திலேயே நின்றார்.

"பெயின்ட் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது கியர்

நீங்கள் சொல்லாமல் வந்தீர்கள். நான் சொல்லித் தொலைத்தேன். எது மோசம் என்று இன்றுவரை தெரியவில்லை.

1967 கார்வெட், 327 கன அங்குல ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின். விற்றவர் வயதானவர், இருபத்திரண்டு வருடமாக வைத்திருந்த வண்டி. "மேட்சிங் நம்பர்ஸ் தம்பி, பிறந்தப்போ இருந்த இன்ஜின்" என்று சொல்லும்போதே அவர் குரலில் ஒரு நிமிர்வு.

வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் இன்ஜின் பிளாக்கில் எண் அடித்த சின்னத் தளம் இருக்குமே, அதைத் துடைத்தேன். எண் இருந்தது. காரின் எண்ணோடு பொருந்தவும் செய்தது. ஆனால் தொழிற்சாலையில் அந்தத் தளத்தைச் சீவும்போது ஒரே திசையில் விழுகிற மெல்லிய கோடுகள் இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வட்ட வட்டமாகத் தேய்த்த கீறல்கள். சரி, ஓவர்ஹாலில் பிளாக்கை மட்டம் சீவியிருந்தாலும் கோடு போகும், அவசரப்படக் கூடாது என்று பின்பக்கம் போய்ச் சின்னக் கண்ணாடி வைத்து வார்ப்புத் தேதியைப் பார்த்தேன். டி, 12, 7. எழுத்து மாதம், கடைசி இலக்கம் வருடம். ஏப்ரல் 12, 1967.

வண்டி எண்ணின் வரிசைப்படி அந்தக் கார் கட்டி முடிந்தது பிப்ரவரியில். அதாவது கார் வெளியே வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த இன்ஜினை வார்த்தே இருக்கிறார்கள். யாரோ, எப்போதோ, வேறு பிளாக்கில் இந்தக் காரின் எண்ணை அடித்திருக்கிறார்கள்.

அவரிடம் காட்டினேன். கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிந்ததால் அவரால் உடனே படிக்க முடியவில்லை. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசாமல் பானட்டை இறக்கி, குழந்தை தூங்குகிற அறைக் கதவைச் சாத்துவதுபோல மெதுவாக அழுத்தி மூடினார். "என் பையன்கிட்ட சொல்லவேண்டாம்" என்றார். பையன் பழைய ரசீதுக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தான்.

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்

எண், எண் என்று ஏன் உயிரை விடுகிறீர்கள்? எண்ணா ஓடுகிறது, இன்ஜின்தானே ஓடுகிறது? அந்தப் பெரியவர் யாரையும் ஏமாற்றவில்லை, அவரே ஏமாந்தவர். கண்ணாடியை அவரிடம் நீட்டாமல் இருந்திருக்கலாம்.

என் கதை சின்னது. 1975 போர்ஷே 911, 2.7 இன்ஜின். எண்ணெல்லாம் பொருந்தியது, வாங்கினேன். மூன்றாவது மாதம் மக்னீசியம் கிராங்க்கேஸிலிருந்து ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டட் போல்ட் ஒன்று மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான்.

இனி எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழுகிற அழுத்தம், பார்க்காமல் எந்தப் பழைய காருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கவேண்டும். பிளக் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்க்கிறவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். த்ராட்டிலை முழுக்கத் திறந்து வையுங்கள். நல்ல பேட்டரி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்று. வருகிற அளவு பெரிதா சிறிதா என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள், 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, இல்லையென்றால் கேஸ்கெட்.

அதைவிட நல்லது லீக் டவுன். பிளக் துவாரம் வழியாகக் காற்றை ஏற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். ஆயில் ஊற்றுகிற இடத்தில் இரைந்தால் ரிங். சைலன்சர் வாயில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் இரைந்தால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். அப்புறம் ஓட்டிப் பார்க்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குங்கள், கரகரத்தால் கியர் சத்தமில்லாமல் சேர உதவுகிற சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. நன்றாகச் சூடேறிய பிறகு ஐடிலில் ஆயில் பிரஷர் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள், குளிர்ந்த இன்ஜினில் எல்லா முள்ளும் அழகாகத்தான் நிற்கும்.

பாடிக்கு மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்று போதும். எங்கே ஒட்டவில்லையோ அங்கே பட்டி. அந்தக் கார்வெட்டிலும் தேதியைத் தேடுவதற்கு முன்னால் காந்தத்தை வைத்திருந்தால் உருப்படியாக ஏதாவது தெரிந்திருக்கும்.

தகரத்தட்டி

ஸ்பேனர் அண்ணே, கார்வெட் பாடியில் காந்தம் எங்குமே ஒட்டாது. 1953இல் முதல் கார்வெட் வந்ததிலிருந்தே பாடி ஃபைபர். உங்கள் கணக்குப்படி பார்த்தால் வண்டி முழுக்கப் பட்டிதான்! அதில் துருப்பிடிப்பது உள்ளே முன்கண்ணாடியைச் சுற்றி இருக்கிற இரும்புக்கூடு. கால் வைக்கிற இடத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் கொஞ்சம் கண்ணில் படும். இன்னொன்று, உங்கள் 911இல் ஸ்டட் வரப்போவதை இந்தக் கம்ப்ரஷன் சோதனை முன்கூட்டியே சொல்லியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

என்னுடையது 1963 ஜாகுவார் ஈ-டைப், 3.8. சிவப்பு. "பிறவிச் சிவப்பு" என்றார் விற்றவர். காகிதக் கட்டைப் புரட்டினால் கடைசித் தாளாக, தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருகிற ஹெரிடேஜ் சான்றிதழ், நாலாக மடித்து. அந்தத் தாளில் சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எண்களோடு தொழிற்சாலையில் அடித்த நிறமும் இருக்கும், தெரியும்தானே. இன்ஜின் எண் சரியாக இருந்தது. நிறம் என்ற இடத்தில் ஓபலசென்ட் டார்க் ப்ளூ.

"அவங்க தப்பா எழுதிட்டாங்க" என்றார்.

பின்பக்க டிரிம் பலகையில் ஒரு திருகு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. கழற்றட்டுமா என்று கேட்டேன், தலையாட்டினார். பலகையை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கி டார்ச் அடித்தேன். உள்ளே அறுபது வருடத்துத் தூசி. கட்டைவிரலை எச்சில் தொட்டுத் தேய்த்தேன். ஒரு காசு அளவுக்கு நீலம், உள்ளே வெள்ளிப்பொடி மினுக்க, போன வாரம் அடித்தமாதிரி.

அவர் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "பிரைமரா இருக்கும்" என்றார்.

வாங்கிவிட்டேன். இன்னும் சிவப்பாகத்தான் ஓட்டுகிறேன். நிறம் மாற்றியதில் எனக்கு வருத்தமே இல்லை. பொய் சொன்னதற்கு மட்டும் பேரம் பேசினேன். விருந்தாளி யாராவது வந்தால் அந்தத் திருகைக் கழற்றிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

ஐடிலிங் 800

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். போனதும் பானட்டைத் திறந்து வால்வு மூடியில் புறங்கையை வைத்தேன். வெதுவெதுப்பு. "வெயில்" என்றார். வண்டி ஷெட்டுக்குள் நின்றது.

நானும் சண்டை போடவில்லை. எனக்கு வேலை ஒன்றும் இல்லை, ஆறட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம். அவர் வருவார், வண்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உள்ளே போவார். கடைசியில் சாவியைத் திருப்பினார். பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் ஆயில் எரிகிற நீலப்புகையில் காணாமல் போனது. ஒரு தடவை புஸ்ஸென்று வந்து நின்றிருந்தால் வால்வு சீல் என்று விட்டிருப்பேன். நிற்கவே இல்லை. அவரும் ஆக்சிலரேட்டரை விடவில்லை, மிதித்தால் சரியாகிவிடும் என்பதுபோல மிதித்துக்கொண்டே இருந்தார்.

உபரிச் சக்கரம்

டயர் புதுசு என்றார்கள். பக்கவாட்டில் 1104. 2004ஆம் வருடம், 11ஆம் வாரம். ட்ரெட் என்னவோ புதுசுதான், ஓட்டினால்தானே தேயும்.

பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர்

காந்தம் விஷயத்தில் தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். தகரப் பாடி என்றால் பெயின்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் சுமார் 100 மைக்ரான் காட்டும். ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி. ஃபைபருக்கு அந்த மீட்டர் எடுக்காது, யாரும் அதற்கும் வரவேண்டாம். ஆனால் பெரியவர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

மூன்றாவது கியர்

ஸ்பேனர் சார், காட்டாமல் எந்தக் காரணம் சொல்லி விலை குறைக்கக் கேட்பது? இல்லை, தெரிந்தும் வாங்கி அடுத்தவனிடம் நான் "மேட்சிங் நம்பர்ஸ்" என்று சொல்வதா? அதையும் யோசித்துப் பாருங்கள்.

பையனிடம் சொல்லவில்லை. அவன் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். கடைசி ரசீதுவரை பார்த்தேன்.

சோக் இழுத்தவன்

இதை எழுதின இரண்டாவது நாளே அந்த எம்ஜிபி மறுபடி விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. ஸ்டியரிங் வளையத்தில் பத்து மணி முள் நிற்கிற இடத்தில் ஒரு வெடிப்பு இருக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். "இரண்டு பக்கமும் சில் மாற்றியது" என்று போட்டிருக்கிறார்கள். உள்தகரத்தோடு வெட்டி எடுத்து மாற்றினார்களா, பழைய மூடிமேல் இன்னொரு மூடியா என்று படத்தில் தெரியவில்லை. எல்லாப் படமும் பெயின்ட் பளபளக்கிற பக்கத்திலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள்.

போன் பண்ணினேன். இளைஞன் குரல். அவன்தானா என்று கேட்க வாய் வரவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் வாசலில் பார்த்த முகமும் இந்தக் குரலும் பொருந்துகிறதா என்று யோசித்துக்கொண்டே ஏதேதோ கேட்டேன். கார்புரேட்டர், கூரைத் துணி, ஓவர்டிரைவ். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். சனிக்கிழமை வரச் சொன்னான்.

கடைசியாக, ஜாக்கி ஒன்று கொண்டுவரலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சார், என்கிட்டயே இருக்கு" என்றான்.