6000 ரூபாய்க்குள் மிடி கீபோர்டு எது வாங்கலாம்? அவசரம்

கரைவலை_பேரன்: வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய மிடி கீபோர்டு வேண்டும். 6000க்கு மேல் முடியாது. நாளைக் காலை மதுரைக்குப் போகிற அண்ணன் வாங்கி வருவார். ராத்திரிக்குள் சொல்லுங்கள்.

சுதிப்பெட்டி: கணினியா, போனா? எத்தனை கட்டை வேண்டும்?

கரைவலை_பேரன்: ஒன்றரைக் கட்டை. தாத்தாதான் பாடுவார்.

சுதிப்பெட்டி: தம்பி, நான் சுருதியைக் கேட்கவில்லை. பலகையில் எத்தனை கட்டை, 25ஆ, 49ஆ, 61ஆ?

மண்டபம்_மச்சான்: எதை வாங்கினாலும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக் காற்று முதலில் யு.எஸ்.பி. முனையைத்தான் தின்னும். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடுங்கள். என் அனுபவம்.

தொண்டி_துரை: புதிது எதற்கு? பழைய கேசியோ ஒன்று தேடுங்கள். ஸ்பீக்கரும் கூடவே வரும்.

பழைய_ஆள்: இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்வது? இசைக் கருவியும் கணினியும் பேசிக்கொள்கிற மிடி முறை 1983ல் வந்தது. இன்னமும் அதில் சத்தம் வரும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அமுக்கினீர்கள் என்ற எண் மட்டும்தான் போகும். நடு ஸ்தாயி ‘சி’ என்றால் 60. ஒலி, போனிலோ கணினியிலோ ஓடும் செயலியில்தான் இருக்கிறது. துரை சொல்கிற பழைய பெட்டிக்குப் பின்னால் யு.எஸ்.பி.யோ ஐந்து முள் வட்டச் செருகியோ இல்லையென்றால் இந்த வேலைக்கு ஆகாது.

தொண்டி_துரை: தெரியாமல் சொல்லவில்லை சார். என்னுடையதில் வட்டச் செருகி இருக்கிறது.

சுதிப்பெட்டி: 25 என்றால் இரண்டே ஸ்தாயி, இரண்டு கையும் இடித்துக்கொள்ளும். அகாய் எம்பிகே மினியில் 25 சின்னக் கட்டை, விரலால் தட்டுகிற 8 பேட். அதன் பழைய மாடல்களில் சுருதியை வளைக்கச் சக்கரம் கிடையாது, ஒரு குச்சிதான். நம் மெட்டுக்குச் சக்கரம் இருந்தால் நல்லது. பேட், குமிழ் எதுவும் இல்லாத 49 கட்டையில், எம்-ஆடியோ கீஸ்டேஷன் மாதிரி, பார்க்கச் சொல்லுங்கள். புதிது பட்ஜெட்டைத் தாண்டினால் பழையது. சரி, தாத்தா என்ன பாடுவார்?

கரைவலை_பேரன்: அம்பா, வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. கணினி இல்லை, போன்தான் இருக்கிறது.

மண்டபம்_மச்சான்: அம்பாவுக்குக் கீபோர்டா! வலை இழுக்கிற தோளில்தான் அதன் தாளம். சீராகத் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் வைத்தால் செத்துவிடும்.

சுதிப்பெட்டி: அதனால் முதலில் தாத்தா குரலை மட்டும் தாளமில்லாமல் பதியுங்கள். கீபோர்டு அப்புறம் பின்னால் வரட்டும். கீபோர்டின் யு.எஸ்.பி.யைப் போனில் இணைக்க ஓடிஜி செருகி வேண்டும்.

தொண்டி_துரை: வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கத்து அம்பா நிதானமாகப் போகும். அதற்கு வாத்தியம் ஒத்துவரும்.

மண்டபம்_மச்சான்: நிதானமா? நீங்கள் எந்தக் கரையில் வலை இழுத்தீர்கள்? தென்கடலுக்கு, மன்னார் வளைகுடாப் பக்கம் வந்து கேளுங்கள்.

பழைய_ஆள்: இந்த உரையாடல் இழை கீபோர்டைப் பற்றியது.

தொண்டி_துரை: என் அப்பா இழுத்தார். போதுமா?

(மூன்று நாள் கழித்து)

கரைவலை_பேரன்: 49 கட்டை வந்துவிட்டது, பழையது. சத்தமே வரவில்லை. கெட்டுப்போனதா?

பழைய_ஆள்: மேலே படிக்கவும்.

சுதிப்பெட்டி: விளக்கு எரிகிறதா? எந்தச் செயலி? சில போன்களில் செட்டிங்ஸுக்குள் ஓடிஜியை நாமே போட வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும்.

கரைவலை_பேரன்: ஓடிஜிதான். சத்தம் வந்துவிட்டது. நன்றி அண்ணே.

மண்டபம்_மச்சான்: தம்பி, தாத்தா வடகடலா, தென்கடலா? அதைச் சொல்லவே இல்லையே.