வேழாம்பலைப் போலக் காத்திருப்பது அன்பா, பிடிவாதமா?

குலசேகரத்துக்காரன்:

எனக்கு வயது 29. வீடு குலசேகரத்தில், வேலை நாகர்கோவிலில். நான் விரும்பும் பெண்ணிடம் மனத்தைத் திறந்து சொல்லிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவர் மறுக்கவும் இல்லை, இசையவும் இல்லை. சற்றுப் பொறுத்திருங்கள் என்று மட்டும் சொன்னார். 1956-க்கு முன்பு திருவிதாங்கூர்ப் பள்ளியில் மலையாளம் படித்த என் பாட்டி, "வேழாம்பல் மழைக்குக் காத்து இருக்கது போல இருக்கியே, மக்களே" என்று கேலி செய்கிறார். விலங்குகளிடமும் பறவைகளிடமும் துணைக்காகப் பொறுத்திருத்தல் என்று ஒன்று மெய்யாகவே உண்டா? உண்டென்றால் பரிணாமம் அதற்கு என்ன காரணம் சொல்கிறது? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தேரூர்க் குளத்தங்கரை:

தம்பி, நான் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். வேழாம்பல் மழைக்காகக் காத்திருப்பதில்லை. தமிழில் இருவாச்சி என்று நாம் அழைக்கும் அப்பறவை தனக்கு வேண்டிய நீரைப் பெரும்பாலும் அத்தி முதலிய பழங்களிலிருந்தே பெற்றுக்கொள்கிறது. ஆனாலும் பாட்டி சரியான பறவையைத்தான் சொல்லியிருக்கிறார்.

பேச்சிப்பாறைக்கு மேலுள்ள அகத்தியமலைக் காடுகளில் வாழும் பெரிய இருவாச்சியின் பெட்டை, முட்டையிடும் காலத்தில் மரப்பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தையும் உணவு மிச்சத்தையும் கொண்டு வாயிலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே மிஞ்சும். ஒன்றோ இரண்டோ முட்டைகள், 38 முதல் 40 நாட்கள் அடைகாத்தல், அதன் பிறகு குஞ்சு ஓரளவு வளரும் வரை உள்ளிருப்பு என அத்தனை காலமும் சேவல்தான் பழங்களைக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். சேவலின் பொறுமையை எல்லோரும் வியக்கிறார்கள். நான் வியப்பது பெட்டையை. பறக்கும் இறகுகளையும் அங்கேயே உதிர்த்துவிட்டு, வெளியே போனவன் திரும்பி வருவான் என்பதன் மேல் உயிரையே வைத்து இருட்டில் அமர்ந்திருக்கிறது.

காரணம் கேட்டீர்கள். நெடுங்காலம் வாழ்ந்து, ஒன்றிரண்டு குஞ்சுகளை மட்டும் இருவருமாகச் சேர்ந்து வளர்க்கும் இனங்களில், தவறான துணையைத் தேர்ந்தால் இழப்பு மிகப் பெரியது. ஆகவே நிதானமாகத் தேர்ந்தவற்றின் சந்ததியே தழைத்தது. தென்கடலின் அலைந்து திரியும் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை பத்து வயதை ஒட்டித்தான் முதல் முட்டையிடுகிறது. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் துணை தேடும் ஆட்டத்திலேயே கழிகின்றன.

பனங்காடு:

ஐயா சொன்னவை உண்மைதான். ஆனால் பொறுமைக்கு ஏற்ற பறவைகளாகப் பார்த்து எடுத்துவிட்டார். அவருடைய ஊர்ப் பக்கத்துப் பனைகளிலேயே தூக்கணாங்குருவி தொங்கவிடும் கூடுகள் வேறு கதை சொல்கின்றன. சேவல் கூட்டைப் பாதிவரை முடைந்து நிறுத்திவிட்டுச் சிறகடித்து அழைக்கும். பெட்டைகள் வந்து பார்க்கும். எதற்கும் பிடிக்காவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு வேறு கூடு தொடங்கும். பிடித்துவிட்டாலோ, அதை முடித்துக்கொடுத்த கையோடு இன்னொரு பெட்டைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிமில் 1930-இல் பறவையியலாளர் சலீம் அலி இதை நேரில் கவனித்து அறிந்தார். வளர்ப்பில் அதிகம் செலவிடும் பாலினமே தேர்வில் அதிகம் தயங்கும் என்று பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ் 1972-இல் எழுதியதற்கு இருவாச்சி, தூக்கணாங்குருவி இரண்டுமே சான்றாகும். இயற்கைத் தேர்வுக்கு நோக்கம் கிடையாது. அதனிடம் போய் அறிவுரை கேட்டால், கேட்பவர் எதை விரும்புகிறாரோ அதற்கேற்ற பறவை ஒன்று எப்போதும் கிடைத்துவிடும்.

நாஞ்சில் மகள்:

பெரியவர்கள் இருவரும் பறவைகளிலேயே நின்றுவிட்டீர்கள். ஒருவரைப் பொறுத்திருக்கச் சொன்னவள் என்ற முறையில் நான் எழுதுகிறேன். தூக்கணாங்குருவிப் பெட்டைக்கு மறுப்பது எளிது. பறந்து போய்விட்டால் போதும், மறுநாள் அந்தச் சேவலின் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. அதே தெருவில், அதே பேருந்தில், அதே கோயில் கொடையில் எதிர்ப்பட நேரும் பெண்ணுக்கு அப்படியில்லை. ஆகவே "சற்றுப் பொறுங்கள்" என்பது சில வேளைகளில் மெய்யாகவே அவகாசம் கேட்பது. சில வேளைகளில் மனம் நோகாமல் சொல்லப்படும் மறுப்பு. என் விஷயத்தில் அது அப்பாவின் கடனாக இருந்தது. அதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சம். அவர் "எப்போது" என்று ஒருபோதும் கேட்கவில்லை. "எது தடுக்கிறது, வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை" என்றார். அன்றே சொல்லிவிட்டேன். தம்பி, பதினான்கு மாதங்களில் நீங்கள் இதைக் கேட்டீர்களா?

குலசேகரத்துக்காரன்:

கேட்கவில்லை, அக்கா. பொறுத்திருப்பதையே பெரிய காரியமாக எண்ணிவிட்டேன். அவர் தக்கலை வரை என்னுடன் ஒரே பேருந்தில்தான் வருகிறார் என்பதை இங்கே எழுத வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வருகிற ஞாயிறன்று கேட்கப் போகிறேன். வேண்டாம் என்றால் மறுநாளிலிருந்து நான் ஏழரை மணிப் பேருந்துக்கு மாறிக்கொள்வேன் என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.