யுகே வந்திருக்கும் சேலத்துக்காரர்களுக்கு: தேடும்போது வருடம் பாருங்கள்

இந்த முறையும் சேலம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, ஏற்காட்டிலிருந்துகூட. எல்லோரும் கேட்பது இதைத்தான்: "அண்ணா, பிஆர்பி கார்டை எந்த போஸ்ட் ஆபீஸ்ல வாங்கறதுங்க?" எங்கேயும் கிடைக்காது. இங்கே தங்க அனுமதி இருப்பதைக் காட்டும் அந்த அடையாளக் கார்டு 2024-ஓடு முடிந்த கதை. இப்போது கார்டே இல்லாமல் ஆன்லைனில் இருக்கும் இ-விசாதான். ஆனால் கூகுளில் தேடினால், பத்து நாளுக்குள் போய் வாங்கு என்று சொல்லும் பழைய பக்கங்கள் இன்னும் வரிசை கட்டி வருகின்றன. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் வந்த வருடம் அப்படி.

அதனால் கூகுளில் 'டூல்ஸ்' தட்டி, கடந்த ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். விசா, வரி மாதிரி விஷயமா? தேடும் சொல்லுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'ஜிஓவி டாட் யுகே' முகவரியைச் சேருங்கள். அரசுப் பக்கங்கள் மட்டும் வரும்.

ஊர்ப் பெயரில் தேடுவது தனித் தலைவலி. ஆங்கிலத்தில் சேலம் என்று ஹேஷ்டேக் தேடினால் ஆரிகன் மாநிலத் தலைநகர் வரும், மாசசூசெட்ஸ் சேலம் வரும். அக்டோபரில் கேட்கவே வேண்டாம். 1692-ல் சூனியக்காரி வழக்குகள் நடந்த ஊர் அது. ஹாலோவீன் படங்களாகக் கொட்டும். நம் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட் தேடினவருக்குக் கூர்த்தொப்பிதான் கிடைக்கும்! தமிழிலேயே #சேலம், #ஏற்காடு என்று போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலத்தில்தான் ஆக வேண்டும் என்றால், கூகுளில் வேண்டாத ஊரின் பெயருக்கு முன்னால் ஒட்டினாற்போல் ஒரு மைனஸ் குறி போடுங்கள்.

அப்புறம், என் பெரிய குறை. நம் வாட்ஸ்அப் குரூப்பில் தகவலுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் வாய்ஸ் நோட்டில் கிடக்கிறது. டெபாசிட் பற்றி ஒருவர் அருமையாகப் பேசியிருப்பார். அடுத்த மாதம் வருகிறவர் தேடினால் அகப்படாது. பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே ஒரு வரி தட்டிவிடுங்கள்: "#வாடகை #லெஸ்டர், 2025 செப்டம்பர். இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் என்றால் டெபாசிட் 5 வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது." அவ்வளவு போதும். டெலிகிராமில் அந்த டேகைத் தொட்டாலே எல்லாம் வந்து நிற்கும், வாட்ஸ்அப்பில் தேடல் பெட்டியில் அடிக்க வேண்டும். இடைவெளி விட்டால் டேக் அங்கேயே அறுந்துவிடும், இரண்டு சொல்லுக்கு நடுவே அடிக்கோடு போடுங்கள்.

ஒருவர் #ரூம், ஒருவர் #வீடு, இன்னொருவர் #வாடகை என்றால் மூன்றும் மூன்று மூலையில் கிடக்கும். இனி #வாடகை மட்டும்தான், சரியா?

இ-விசா ஸ்க்ரீன்ஷாட் போடுகிறவர்கள் ஷேர் கோடையும் (விசாவைப் பிறருக்குக் காட்ட அரசுத் தளம் தரும் குறியீடு) பிறந்த தேதியையும் மறைத்துவிட்டுப் போடவும். அவை இரண்டும் கையில் இருந்தால் உங்கள் விசா விவரத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம்.