புதுப்பிப்பு: லண்டன் தோட்டத்தில் கோஸ் வேர் ஈ

முட்டைகோஸ் நாற்று வெயிலில் துவள்கிறது, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வருகிறது என்று மே மாதம் எழுதியிருந்தேன். வேர் ஈயேதான்: தண்டடி மண்ணில் முட்டையிடும் ஈ, அதன் புழுக்கள் வேரைத் தின்றுவிடும்.

மஞ்சள் பேசினில் சோப்புத் தண்ணீர் வைத்தேன். ஈக்கள் விழுகின்றன, ஆனால் வீட்டு ஈயிலிருந்து பிரித்தறிவது பெரும்பாடு. தண்டடி மண்ணைச் சுரண்டித் தண்ணீரில் கலக்குவதே மேல்: ஒரு மில்லிமீட்டர் நீள வெள்ளை முட்டைகள் மேலே மிதக்கும்.

ஈ தண்டடியில் முட்டையிடாதபடி, புது நாற்றுகளின் தண்டைச் சுற்றி, பழைய கம்பளத்தில் வெட்டிய வட்டம் போட்டிருக்கிறேன். அப்புறம், ஈ வராமல் செடிகளை மூடும் வலை பற்றிக் கேட்டவர்களுக்கு: போன வருடம் கோஸ் இருந்த பாத்தியில் வேண்டாம். கூட்டுப்புழு மண்ணிலேயே குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்தில் ஈ வலைக்குள்ளேயே கிளம்பும். ஜூலையில் அடுத்த தலைமுறை வரும், பேசினை எடுக்கப்போவதில்லை.