தென்தீவில் மான் வேட்டை: ரைஃபிளா, ஷாட்கன்னா?

புக்கிட் பாத்தோக் மணி
வணக்கம். அடுத்த ஏப்ரலில் நியூசிலாந்து போகிறேன். பெரியப்பா மகன் தென்தீவில் குடியேறிப் பல வருடம் ஆகிறது, முறையான துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறார். சிவப்பு மான் வேட்டைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் ஒரு .308 ரைஃபிளும் ஒரே தோட்டாவில் பல சிறுகுண்டுகளைப் பாய்ச்சும் 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன்னும் இருக்கின்றன. "இன்னொன்று வாங்கப்போகிறேன், உனக்கும் பிடித்ததாகப் பார்த்துச் சொல்" என்கிறார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தேசிய சேவையில் பழகிய எஸ்ஏஆர் 21 ராணுவ ரைஃபிள் மட்டும்தான். நண்பர்களில் ஒருவன், "ஷாட்கன் எடு, குண்டு பரவும், தப்பவே தப்பாது" என்கிறான். இன்னொருவன், "மான் பெரிய விலங்கு, கிடைப்பதிலேயே பெரிய காலிபர் (குழல் விட்டம்) எடு" என்கிறான். போவதற்கு முன்னால் இங்கே ஒரு குறிசுடும் கழகத்தில் சேர்ந்து பழகவும் எண்ணம். எதில் தொடங்கலாம்?

செம்பனைக்காரர்
தம்பி மணி, நான் ஷாட்கன் கட்சி. ஜொகூரில் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். காட்டுப்பன்றி இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும், அதற்காகவே உரிமம் பெற்ற ஆட்கள் 12 போர் ஒற்றைக்குழலோடு வருவார்கள். மரவரிசைக்கு நடுவே பன்றி கண்ணில் படுவது இருபது, முப்பது மீட்டரில். அதுவும் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கோப்பில், அதாவது ரைஃபிள்மேல் பூட்டிய குறிநோக்கியில், கண்ணை வைத்துத் தேடுவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விடும். ஷாட்கன்னில் இரண்டு கண்ணும் திறந்தபடி, உடம்போடு சேர்த்துத் திருப்பிச் சுடலாம்.

இன்னொன்று, தப்பிய குண்டு எங்கே போகும் என்று முதலில் யோசி. ரைஃபிள் குண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டியும் போகும். தோட்டத்தில் லயம் இருக்கிறது, பால்வாடி இருக்கிறது, சைக்கிளில் வருகிற ஆள் இருக்கிறார். ஷாட்கன் குண்டு சில நூறு மீட்டரில் விழுந்துவிடும். வேட்டைக்காரனுக்கு அந்த நிம்மதி வேண்டும்.

தென்தீவு வாசி
தோட்டத்துக்கு நீங்கள் சொல்வது சரி, அண்ணே. மணி போகிற இடத்துக்குச் சரிவராது. நான் தோ பாயோவில் வளர்ந்து இங்கே வந்தவன், மான் வேட்டைக்குப் போகிறவன். இங்கே பாதி நாள் ஒரு மேட்டில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பைனாகுலரில் பார்ப்பதுதான் வேலை. மான் தென்படும் தூரம் 100லிருந்து 250 மீட்டர். அந்தத் தூரத்தில் ஷாட்கன்னால் ஆவது ஒன்றுமில்லை.

"குண்டு பரவும், தப்பவே தப்பாது" என்பதை நம்பாதே, மணி. முனை மிக இறுக்கமாகக் குறுகிய ஃபுல் சோக் குழலில்கூட, 37 மீட்டரில் 75 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுவது பத்தில் ஏழு பங்குதான் என்பது பழைய கணக்கு. அது பறவைக்கான சிறுகுண்டுக் கணக்கு. மானுக்குப் போடுகிற பெரிய ரகத்தில் ஒரு தோட்டாவுக்கு ஒன்பது குண்டு, ஒவ்வொன்றும் மூன்றரை கிராம். மானின் நெஞ்சில் உயிர்நிலை என்பது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒன்பதில் இரண்டு மட்டும் வயிற்றில் பட்டால் மான் ஓடிவிடும், புதருக்குள் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். மான் வேட்டையில் நாம் அஞ்ச வேண்டியது அந்தப் பரவலைத்தான்.

செம்பனைக்காரர்
அந்தக் கொடுமை யாருக்கும் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா இடமும் திறந்த சரிவா? உங்கள் ஊரிலும் அடர்ந்த பீச் மரக்காடு இருக்கிறதே. அங்கே மான் ஐம்பது மீட்டருக்குள்தானே வரும்? ஒற்றைக் குண்டுத் தோட்டா, அந்த ஸ்லக், போட்டால் 12 போரிலேயே ஐம்பது மீட்டருக்கு நல்ல குறி கிடைக்கும். பரவல் பிரச்சினையும் இல்லை. அண்ணனிடம் இருக்கிற துப்பாக்கியே போதும்.

தென்தீவு வாசி
ஸ்லக் போட்டுவிட்டால் அது ரைஃபிள் வேலைதான், அண்ணே. ஆனால் குறிபார்க்கக் குழல்முனையில் ஒரு சிறு உலோகப் பொட்டு மட்டும்தான் இருக்கும். ஷாட்கன்னில் பின்குறி என்று தனியாக ஒன்று கிடையாது, சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் ஒரு விரல்கடை உயர்ந்தால் குண்டு மேலே போகும். காட்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறபோது கன்னம் எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதே ஐம்பது மீட்டரில் .308ஐ, ஸ்கோப்பைக் குறைந்த பெருக்கத்தில் வைத்து எடுத்துப்போனால் வேலை சுத்தமாக முடியும்.

யீஷுன் மலர்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பள்ளியில் ஏர் ரைஃபிள் இணைப்பாட நடவடிக்கைக்குத் தொண்டூழியராகப் போகிறேன். நீங்கள் இருவரும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். மணிக்கு இன்னும் விசையை அழுத்தவே தெரியாது.

கோபிக்காதே, மணி. எஸ்ஏஆர் 21 அதிர்வு குறைந்த 5.56 மில்லிமீட்டர். .308 தோட்டாவின் ஆற்றல் அதைப் போல இரண்டு மடங்கு. புதிதாக அதைத் தோளில் வாங்குகிறவர்கள் நாலாவது ஐந்தாவது குண்டிலேயே மிரளத் தொடங்குவார்கள். அவர்களுக்கே தெரியாது, இலக்கு சரியில்லை, ஸ்கோப் சரியில்லை என்பார்கள். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தோட்டாக்களுக்கு நடுவே, சுடுபவருக்குத் தெரியாமல், மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைக் கலந்துவிட வேண்டும். விசை "டிக்" என்று மட்டும் விழும். வெடி இல்லை, உதை இல்லை. ஆனால் குழல்முனை தானாகக் கீழே குத்தும், தோள் முன்னால் தள்ளும், கண் இறுக மூடும். வெடி இருந்தால் இதெல்லாம் அந்த அதிர்வில் மறைந்துபோகும்.

இதைத் திருத்தப் பெரிய துப்பாக்கி உதவாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்கு. அதில் 10 புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர் பொட்டு. பிறகு 50 மீட்டர் .22 ரைஃபிள். நம் சிங்கப்பூர் வீராங்கனை ஜாஸ்மின் சர் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியது அந்த .22இல்தான். இன்னொரு சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ 2018 கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஏர் ரைஃபிளிலும் .22இலும் தங்கம் வாங்கினார். சின்னத் துப்பாக்கி என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

தென்தீவு வாசி
.22 பற்றி முழு சம்மதம், அக்கா. ஏர் ரைஃபிள் பற்றித்தான் தயக்கம். விறைப்பான ஜாக்கெட், தட்டையான காலணி, 75 நிமிடத்தில் 60 குண்டு. அசையாத மேடையில் அசையாத இலக்கு. மான் அந்த நேரத்தைக் கொடுக்காது. மணிக்குத் தேவை பையைத் தரையில் போட்டு அதன்மேல் ரைஃபிளைச் சாய்த்துச் சுடுவது, மண்டியிட்டுச் சுடுவது, போல்ட்டை இழுத்து இரண்டாவது தோட்டாவை உடனே ஏற்றுவது. போட்டி வீரர்கள் பலர் முதல் முறை மலைக்கு வந்து, வசதியான நிலை கிடைக்காமல் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

யீஷுன் மலர்
ஜாக்கெட் இல்லாமலும் சுடலாம், யாரும் தடுப்பதில்லை. நான் சொல்வது வேறு. ஏர் ரைஃபிள் குண்டு மெதுவாகப் போவது, வினாடிக்கு 175 மீட்டர் சுற்றி. விசை விழுந்த பிறகும் அது குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கண நேரத்தில் தலையைத் தூக்கினாலோ கையைத் தளர்த்தினாலோ இலக்கு அட்டையில் தெரிந்துவிடும். சுட்ட பிறகும் குறியிலேயே நிற்கிற பழக்கத்தை இதைவிடக் கண்டிப்பாக எதுவும் கற்றுக்கொடுக்காது. மண்டியிடுவதை ஒரு வாரத்தில் பழகலாம், இது ஒரு வாரத்தில் வராது.

அப்புறம், எந்தக் கண் உன் முதன்மைக் கண் என்று பார்த்திருக்கிறாயா, மணி? எஸ்ஏஆர் 21ஐ இடக்கைக்காரர்கள் உட்பட எல்லாரும் வலது தோளில்தான் சுடுகிறார்கள், அதனால் பலருக்கு இது தெரிவதே இல்லை. இரண்டு கண்ணும் திறந்து தூரத்து விளக்கு ஒன்றை விரலால் சுட்டு, பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் விளக்கிலேயே நிற்கிறதோ, அதுதான். அது இடது கண்ணாக இருந்தால், வலது தோளில் ஷாட்கன் வைத்து, பறக்கவிடுகிற களிமண் தட்டு எத்தனையைச் சுட்டாலும் இடப்பக்கம் தப்பிக்கொண்டே இருக்கும்.

தெம்பனிஸ் பொறியாளர்
புதிதாக வாங்குவதென்றால் 6.5 கிரீட்மோர் தோட்டா போடுகிற ரைஃபிள் ஏன் கூடாது? .308 வந்தது 1952இல், இது 2007இல். உதை குறைவு, காற்றில் விலகலும் குறைவு. மலர் அக்கா சொல்கிற மிரட்சிக்கும் இதுவே மருந்து. தூரம் கூடக் கூட வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தென்தீவு வாசி
600 மீட்டர் இரும்புத் தகட்டில் தெரியும். நான் இரண்டையும் வைத்திருந்தேன். 200 மீட்டரில் சரியாகப் படும்படி ஸ்கோப்பை அமைத்தால் .308 குண்டு 300 மீட்டரில் கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். கிரீட்மோருக்கும் அதற்கும் அரைச் சாண் வித்தியாசம்கூட வராது. முதல் வேட்டையில் மணி 200 மீட்டரைத் தாண்டிச் சுடவே கூடாது. .308 தோட்டா சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், குழலும் நீண்ட நாள் உழைக்கும். உதைக்குச் சைலன்சர் இருக்கிறது. இங்கே அது சட்டப்படி அனுமதி, சத்தமும் உதையும் நன்றாகவே குறையும். மிச்சக் காசில் நல்ல ஸ்கோப், நல்ல பூட்ஸ்.

தெம்பனிஸ் பொறியாளர்
உதை குறைந்த துப்பாக்கியில் ஆள் அதிகம் பழகுவார், அதிகம் பழகினால் குறி நன்றாக இருக்கும். தூரத்தை விடுங்கள், அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். இதில் நான் மாறப்போவதில்லை.

வனவேந்தி
எல்லாரும் எதால் சுடுவது என்றே பேசுகிறீர்கள். சிங்கப்பூரில் காட்டுயிரைச் சட்டமே காக்கிறது. சாங்கியில் காட்டுக்கோழியைப் பார்த்தால் நின்று படம் எடுக்கிறோம். விமானம் ஏறிப்போய் ஒரு மானைக் கொல்வதில் என்ன இருக்கிறது? எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தென்தீவு வாசி
உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் இந்த மண்ணில் வௌவாலைத் தவிர நிலப் பாலூட்டியே இயல்பாகக் கிடையாது. சிவப்பு மான் 1851இல் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டது. அதை அடக்க இங்கே பெரிய விலங்கு எதுவும் இல்லை. இளஞ்செடி முளைக்க முளைக்கத் தின்றுவிடும், காட்டின் அடித்தளமே வெறுமையாகிவிடும். அதனால்தான் அரசுக் காட்டில் வேட்டையாடுவதற்கான அனுமதிச்சீட்டை இலவசமாகவே தருகிறார்கள். சுட்ட இறைச்சியை நாங்கள் வீணாக்குவதும் இல்லை.

வனவேந்தி
குறைக்க வேண்டும் என்றால் பழகியவர்கள் செய்யட்டும். விடுமுறைக்கு வந்தவர் காயப்படுத்திவிட்டுப் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மணி, போவதென்றே முடிவு செய்தால், முதல் குண்டு உயிர்நிலையில் படும் என்ற உறுதி இல்லாதபோது விசையைத் தொடாதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

செம்பனைக்காரர்
அந்தத் தங்கை சொன்னது முக்கியம். இதையும் சேர்த்துக்கொள்: அசைகிறது எது என்று முழுசாகத் தெரியாமல் சுடாதே. ஏப்ரலில் கிடா மான் கத்துகிற பருவம், வேட்டைக்காரர்களும் அதே மாதிரிக் குரல் கொடுத்து அழைப்பார்கள். சத்தத்தை வைத்துச் சுட்டு மனிதரை மாய்த்த சம்பவம் அந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது. கொம்பு தெரிந்தால் போதாது, உடம்பு முழுவதும் தெரிய வேண்டும், பின்னால் மண்சரிவு இருக்க வேண்டும்.

ஜொகூரில் சொந்தக்காரர் வீட்டு ஷாட்கன்னில் பழகலாம் என்ற யோசனை வந்தால் அடியோடு விட்டுவிடு. உரிமம் அவர் பெயரில் இருக்கும், நீ கையில் எடுத்தாலே வம்பு. மலேசியச் சட்டம் அதில் கடுமை.

தென்தீவு வாசி
சட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மணி, உனக்கு உரிமம் இல்லையென்றால் அண்ணனின் நேரடிக் கண்காணிப்பில்தான் சுட முடியும். அப்படியென்றால் அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அவர் கையில் வேறு துப்பாக்கி இருக்கக்கூடாது. இரண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கிதான். பார்வையாளர் உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கினால் மட்டும் உனக்கென்று இன்னொன்று பயன்படும். அதனால் உனக்காக எதையும் வாங்கச் சொல்லாதே.

புக்கிட் பாத்தோக் மணி
அனைவருக்கும் நன்றி. அண்ணனிடம் பேசினேன். இருக்கிற .308ஐயே எடுத்துக்கொள்கிறோம், சைலன்சர் மட்டும் போடுகிறார். அங்கே முதல் இரண்டு நாள் ரேஞ்சில், பைமேல் சாய்த்தும் மண்டியிட்டும் பழகிவிட்டுத்தான் மலை. இங்கே கழகத்தில் சேர்ந்து கழகத் துப்பாக்கியிலேயே பழகுகிறேன், ஏர் ரைஃபிளில் தொடங்கி .22. மலர் அக்கா, விளக்குச் சோதனை செய்தேன், எனக்கு இடது கண்தான் முதன்மை! ஸ்கோப் உள்ள ரைஃபிளுக்கும் தோள் மாற்ற வேண்டுமா?

யீஷுன் மலர்
ஸ்கோப் என்றால் ஒரு கண்தான் பார்க்கிறது, வலது தோளிலேயே தொடரலாம். இடது கண்ணை இறுக்கி மூடாதே, முகம் களைத்துவிடும். சுடும்போது போடுகிற மூக்குக்கண்ணாடியில் அந்தப் பக்கம் மட்டும் ஒரு துண்டு ஒளிபுகா ஒட்டுத்தாள் போதும். களிமண் தட்டுச் சுட ஆசை வந்தால் அப்போது இடது தோளுக்கு மாறு, முதல் நாளிலிருந்தே.

செம்பனைக்காரர்
தட்டு சுடப் போகிற அன்று சொல்லு தம்பி, நானும் வருகிறேன். அங்கே என் கட்சி ஜெயிக்கும்.

தென்தீவு வாசி
கிளம்புகிற நாளுக்கு ஒன்று. தேசிய சேவை முகாமில் சுட்டு முடித்ததும் தோட்டாவோ வெற்றுக் கூடோ எதுவும் என்னிடம் இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ரேஞ்சை விட்டு வருவோம் இல்லையா, அதையே ஊர் திரும்பும் முன்னால் விடுதியிலும் செய். ஜாக்கெட் பை, கால்சட்டை மடிப்பு, முதுகுப்பையின் அடி எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டிப் பார். நினைவுக்கு என்று ஒரு வெற்றுக் கூட்டைக்கூட எடுத்துப் போகாதே, உரிமம் இல்லாமல் அதைக் கொண்டுவந்தாலும் சாங்கியில் நிறுத்திவிடுவார்கள். வேட்டைக்கு இரவல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, அதை அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது.