58 அடி நேரோபோட் வாங்கலாமா? கால்வாயில் குடியிருப்பவர்களிடம் சில கேள்விகள்

கேள்வி: கரையேறாதவன்

வணக்கம். நானும் என் மனைவியும் மில்டன் கீன்ஸில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறோம். அடுத்த ஆண்டு இருவரும் பணி ஓய்வு பெறுகிறோம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு நேரோபோட் (குறுகிய கால்வாய்ப் படகு) வாங்கி, மூன்று நான்கு ஆண்டுகளாவது இங்கிலாந்தின் கால்வாய்களில் சுற்றிக்கொண்டு வாழலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். இதுவரை எங்களுக்குள்ள அனுபவம், ஒரு ஜூலை மாதம் வாடகைப் படகில் லாங்கொலன் கால்வாயில் கழித்த ஒரே ஒரு வாரம்தான். பொன்ட்கசுல்ட்டே நீர்ப்பாலத்தின் மேல், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பிகூட இல்லாமல், 126 அடி கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தபடி படகை ஓட்டிச் சென்றபோதுதான் இந்த ஆசை பிறந்தது.

இப்போது ஒரு மெரினாவில் 1999இல் கட்டப்பட்ட 58 அடிப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். சமையலறையும் குளியலறையும் புத்தம் புதியவை. தரை முழுவதும் ஓக் மரம். அடியில் தார் பூசி அதிக நாள் ஆகவில்லை என்று விற்பவர் சொல்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த சர்வே (படகின் நிலையை நிபுணர் சோதிப்பது) அறிக்கையையும், இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழையும் காட்டினார். இவை போதுமா, அல்லது நாங்கள் தனியாக ஒரு சர்வே எடுக்க வேண்டுமா? என் மனைவிக்கு முழங்கால் வலி இருப்பதால் லாக்குகளை (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறைகளை) இருவரும் சமாளிக்க முடியுமா என்பதும், நிரந்தர மூரிங் (படகைக் கட்டி வைக்கும் இடம்) எடுக்காமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டே குளிர்காலத்தைக் கடத்துவது எப்படி இருக்கும் என்பதும் எங்களுடைய மற்ற இரண்டு கவலைகள்.

மறுமொழி: தார்ப்பூச்சு

ஐயா, ஓக் மரத்தைப் பார்த்துவிட்டீர்கள். அதற்கு அடியில் இருப்பதை யார் பார்த்தது? நேரோபோட் விலையில் பெரும்பகுதி எஃகுக்கும் எஞ்சினுக்கும்தான். சமையலறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் காலகட்டத்துப் படகுகள் பலவற்றில் அடித்தகடு 10 மில்லிமீட்டரும், பக்கத்தகடு 6 மில்லிமீட்டரும், மேல் அறைப்பகுதி 4 மில்லிமீட்டரும் தடிமன் கொண்டிருக்கும். இருபத்தைந்து ஆண்டுகள் நீரில் கிடந்த பிறகு அந்த 6 மில்லிமீட்டரில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பல காப்பீட்டு நிறுவனங்கள் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடங்களைக் கண்டால் முகம் சுளிக்கும்.

பாதுகாப்புச் சான்றிதழை சர்வேயோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் அந்தச் சோதனை எரிவாயு, எரிபொருள், மின்சாரம், தீத்தடுப்பு ஆகியவற்றைப் பற்றியது. உடற்தகட்டின் தடிமனைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. மூன்று ஆண்டுப் பழைய சர்வே அறிக்கையோ வேறொருவருக்காக எழுதப்பட்டது. அதில் தவறு இருந்தால் அந்தச் சர்வேயரிடம் நீங்கள் போய் நிற்க முடியாது.

என் கதையைச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கவிருந்த படகும் இப்படித்தான் உள்ளே பளபளவென்று இருந்தது. நீரிலிருந்து தூக்கி வைத்ததும் சர்வேயர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பின்பக்கம், நீர்மட்டம் உரசும் கோட்டை ஒட்டி ஓர் உள்ளங்கையகலத்துக்குத் தாரைச் சுரண்டினார். கம்பளிப்பூச்சி அரித்த இலை மாதிரி வரிசையாகக் குழிகள். மீயொலிக் கருவியை வைத்துப் பார்த்ததில் ஓரிடத்தில் 3.4 மில்லிமீட்டர் என்று காட்டியது. தார் பூசிப் புதிதாக இருந்தது உண்மைதான். குழிகளுக்கு மேலேயே பூசியிருந்தார்கள். தூக்கும் செலவும் சர்வே கட்டணமுமாகச் சேர்த்து ஆயிரம் பவுண்டை நெருங்கியது. அந்தப் பணம் போனதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அந்த மெரினாவில் படகு எத்தனை ஆண்டுகளாகக் கரை மின்சாரத்தில் இணைந்திருந்தது என்றும் விசாரியுங்கள். கரை மின்சாரத்தின் எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு உங்கள் படகும் ஒரே மின்சுற்றாகிவிடும். அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் இல்லாவிட்டால், எஃகுக்குப் பதிலாகக் கரைவதற்கென்றே பொருத்திய மெக்னீசியம் அனோடுகள் முதலில் கரையும், அவை தீர்ந்த பின் உங்கள் எஃகு கரையும். தேய்ந்த இடத்துக்கு மேல் புதுத் தகடு ஒட்டிக்கொள்ளலாம் என்று விற்பவர் சமாதானம் சொல்வார். ஒட்டலாம்தான், ஆனால் எடை கூடிப் படகு கீழே இறங்கும். பக்கவாட்டுத் துளைகள் நீர்மட்டத்தை நெருங்கிவிடாமலிருக்க அடியிலுள்ள பாரத்தைக் குறைக்க வேண்டிவரும்.

எஞ்சினைப் பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வருவதற்கு முன் அதை ஓட வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, போனதும் முதலில் அதன்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எளிதில் கிளம்பாத எஞ்சினாக இருக்கலாம்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 57 அடிப் படகு ஏறத்தாழ எல்லாக் கால்வாய்களிலும் போகும் என்பது பழைய கணக்கு. யார்க்‌ஷயரில் கால்டர் அண்ட் ஹெப்பிள் கால்வாயின் லாக்குகள் குட்டையானவை. 58 அடிப் படகை அங்கே மூலைவாட்டாக நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் முயன்று பார்த்ததில்லை.

கரையேறாதவன்

மிக்க நன்றி. விற்பவரிடம் பேசினேன். சர்வேக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் படகைத் தூக்கும் செலவு முழுவதும் எங்களுடையது என்கிறார். இதுதான் வழக்கமா?

மறுமொழி: தார்ப்பூச்சு

ஆம், வாங்குபவர்தான் கொடுப்பார். "சர்வே திருப்தியாக இருந்தால் மட்டுமே" என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.

மறுமொழி: சுக்கான்காரி

எட்டு ஆண்டுகளாகத் தனியாகப் படகோட்டும் பெண் நான்; என் வயது 61. முழங்கால் வலியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நேரடியான பதில், உங்கள் மனைவி படகை ஓட்டட்டும், நீங்கள் லாக்குகளைப் பாருங்கள். கால்வாயில் நான் காணும் தம்பதியரில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கணவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நிற்பார்; மனைவி ஓடி, ஏறி, இறங்கி, டன் கணக்கில் எடையுள்ள கதவை முதுகால் தள்ளிக்கொண்டிருப்பார். சுக்கானுக்கு நிதானம்தான் தேவை, உடல்பலம் அல்ல. இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்பதும், படகு தன் நடுப்பகுதியை மையமாகக் கொண்டு சுழலும் என்பதும் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

லாக்கில் படகு கீழே இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. மேல் கதவுக்கு அடியில், நீருக்குள் மறைந்தபடி, சில் எனப்படும் ஒரு படி லாக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அது எதுவரை வருகிறது என்பதைச் சுவர்மேல் வெள்ளைக்கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். நீர் வடிய வடியப் படகின் பின்முனை அந்தப் படியில் அமர்ந்துவிட்டால், முன்முனை மட்டும் இறங்கிக்கொண்டே போய், சில நிமிடங்களில் முன்கதவு வழியாகத் தண்ணீர் புகுந்து படகு மூழ்கிவிடும். ஆகவே ஓட்டுபவர் கண்ணை அந்தக் கோட்டிலிருந்து எடுக்கக் கூடாது. மேலே நிற்பவர் கண்ணை ஓட்டுபவரிடமிருந்து எடுக்கக் கூடாது. கை உயர்ந்தால் உடனே கீழ்ப் பேடில்களை (நீரை விடும் மடைப் பலகைகளை) இறக்கி மூடி நீர் வடிவதை நிறுத்திவிட்டு, அதன் பிறகு மேல் பேடில்களைத் திறந்து நீரை நிரப்ப வேண்டும். இதை முதல் நாளே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். லாக்குக்குள் கயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். தூணில் ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் வைத்திருந்தால் போதும்.

பேடிலைத் திருகி உயர்த்தும் விண்ட்லஸ் கைப்பிடியை அச்சிலேயே விட்டுவிட்டு நகரக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். பற்சக்கரத்தைத் தாங்கும் கொக்கி நழுவியதும் அந்தக் கைப்பிடி விசிறி மாதிரிச் சுழன்று பறந்தது. என் முன்கையில் பட்டதால் தப்பித்தேன். ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் தாடை போயிருக்கும். அது விழுந்தது தண்ணீரில். அன்று முதல் படகில் மூன்று விண்ட்லஸ்கள் வைத்திருக்கிறேன்.

நேரக் கணக்கு சுலபமானது. பயண மைல்களையும் லாக்குகளின் எண்ணிக்கையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரமாகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதிதான். ஹாட்டனில் 21 லாக்குகள் அடுத்தடுத்து வரும்போது உங்கள் முழங்காலும் பேச ஆரம்பிக்கும். ஆனால் கிராண்ட் யூனியனின் அந்தப் பகுதியிலுள்ள லாக்குகள் இரண்டு நேரோபோட்டுகள் பக்கம் பக்கமாக நுழையும் அளவுக்கு அகலமானவை. அடிவாரத்தில் அரைமணி நேரம் காத்திருந்து இன்னொரு படகோடு சேர்ந்து ஏறினால் உழைப்பும் பாதி, தண்ணீரும் பாதி.

மறுமொழி: கரியடுப்பு

குளிர்காலத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். ஐந்து குளிர்காலங்களைப் படகிலேயே கழித்திருக்கிறேன். குளிரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கரியடுப்பு இரவெல்லாம் கனன்றுகொண்டிருந்தால் ஏழடிக்கும் குறைந்த அகலமுள்ள அந்த அறை வீட்டைவிட வெப்பமாகவே இருக்கும். தொல்லை தருவது ஈரம். நாம் விடும் மூச்சும் கெட்டில் ஆவியும் குளிர்ந்த எஃகில் பட்டு நீராகி வழியும். முதல் ஆண்டு ஜனவரியில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அதன் அடிப்பக்கம் முழுவதும் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அதன் பிறகுதான் மெத்தைக்கு அடியில் காற்றோட்டமான தட்டி போட்டேன். குளிருக்குப் பயந்து காற்றுத்துளைகளை மட்டும் ஒருநாளும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும். 2019 ஏப்ரல் முதல் அதற்கான எச்சரிக்கைக் கருவி படகில் இருப்பது கட்டாயம்.

சூரியத் தகடுகள் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உங்களை ராஜாவாக வைத்திருக்கும். டிசம்பரில் கோடை நாள் தருவதில் பத்தில் ஒரு பங்குகூட வராத நாட்கள் உண்டு. அப்போது எஞ்சினைத்தான் ஓட வைத்து பேட்டரியை நிரப்ப வேண்டும்; கட்டியிருக்கும் இடத்தில் இரவு 8 மணிக்கு மேல் காலை 8 மணி வரை அதையும் செய்யக் கூடாது. இதோடு நவம்பர் முதல் மார்ச் வரை லாக்குகளைப் பழுதுபார்ப்பதற்காக ஆங்காங்கே பாதை மூடப்படும். எது எப்போது மூடப்படுகிறது என்று பார்த்து, தண்ணீர்க் குழாயும் கழிவு ஊற்றுமிடமும் இருக்கிற பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கேசட் கழிப்பறையின் கழிவுப் பெட்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சுமந்து போய் ஊற்ற வேண்டும். பனி உறைந்த பாதையில் இருபது கிலோ கேசட்டைத் தள்ளிக்கொண்டு முக்கால் மைல் நடந்த காலை ஒன்றை நான் மறக்க மாட்டேன்.

மூரிங் விஷயத்தில் சட்டம் தெளிவாகவும் இருக்கிறது, வழுக்கவும் செய்கிறது. 1995ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின்படி, நிரந்தர மூரிங் இல்லாதவர் உண்மையான பயணத்தில் இருக்க வேண்டும். தக்க காரணமின்றி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. எத்தனை மைல் போக வேண்டும் என்று சட்டத்தில் எண் எதுவும் இல்லை. அதற்காக இரண்டு பாலங்களுக்கிடையே போய் வந்துகொண்டிருந்தால், கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் ஏற்காது. அவர்கள் உங்கள் படகு எண்ணைக் குறித்துக்கொண்டே போவார்கள். 2024 ஏப்ரல் முதல் இப்படித் தொடர்ந்து பயணிப்பவர்களின் உரிமக் கட்டணத்தில் ஒரு கூடுதல் தொகையும் சேர்ந்திருக்கிறது. தேம்ஸ் ஆற்றுக்குள் போக நினைத்தால் அது வேறு அமைப்பின் கையில் இருப்பதால் உரிமமும் வேறு.

மறுமொழி: தார்ப்பூச்சு

கரியடுப்பு சொல்வதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். முழங்கால் வலியும் மருத்துவமனைத் தேதிகளும் உள்ளவர்கள் முதல் குளிர்காலத்திலேயே மூரிங் இல்லாமல் இருக்க முயல வேண்டாம். நவம்பரிலிருந்து நான்கு மாதங்களுக்குக் குளிர்கால மூரிங் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், இந்த அக்டோபரில் ஒரு வாரம் வாடகைப் படகு எடுத்து மழையில் ஓட்டிப் பாருங்கள். ஜூலை மாதம் எல்லோரையும் ஏமாற்றும்.

கரையேறாதவன்

அனைவருக்கும் நன்றி. என் மனைவி சுக்கான்காரி எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, சுக்கான் இனித் தன்னுடையது என்று அறிவித்துவிட்டார். வரும் 14ஆம் தேதி படகைத் தூக்குகிறார்கள். சர்வே நடக்கும்போது நாங்கள் அருகில் இருக்கலாமா, அல்லது அது சர்வேயருக்கு இடைஞ்சலாக இருக்குமா?

மறுமொழி: தார்ப்பூச்சு

கண்டிப்பாகப் போங்கள். தார் ஒட்டினால் கவலையில்லாத பழைய உடையில் போங்கள். பின்பக்க நீர்மட்டக் கோட்டில் இரண்டு பக்கமும், அடித்தகடும் பக்கத்தகடும் சேரும் விளிம்பிலும் உங்கள் கண்முன்னே சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். அளவுகளை அவர் சொல்லச் சொல்ல நீங்களும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எண்களை இங்கே போட்டீர்களென்றால் நாங்களும் பார்க்கிறோம்.