வெளிநாட்டு பேக்டரியில் புது வேலை: ஆக்சிஸ், ஹோமிங், எஸ்டிஓ என்றால் என்ன?

கேள்வி: மெயின்டெனன்ஸ் வேலையில் சேர்ந்தாச்சு. ஷிப்ட் மாறும்போது "எக்ஸ் ஆக்சிஸ் ஃபாலோயிங் எரர்ல ட்ரிப் ஆச்சு, ஹோமிங் பண்ணிடு"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடறாங்க. எதை முதல்ல புரிஞ்சுக்கணும்?

பதில் 1: அந்த ஒரு வரியிலேயே பாதிப் பாடம் இருக்கு. ஆக்சிஸ்னா தனியா நகர்த்தக்கூடிய ஓர் அச்சு. அது இப்போ எங்கே இருக்கணும்னு கன்ட்ரோலர் சொல்லும். உண்மையில எங்கே இருக்குன்னு என்கோடர் (சுழற்சியை அளக்கற சென்சார்) சொல்லும். அந்த வித்தியாசம்தான் ஃபாலோயிங் எரர். ஓடும்போது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வரம்பு மீறினா டிரைவ் (மோட்டாரை ஓட்டற மின் யூனிட்) ட்ரிப் ஆகும். உடனே வரம்பைக் கூட்டி வைக்காதீங்க. பிரேக் திறக்குதா, கைடு இறுகியிருக்கா, பாதையில ஏதாவது சிக்கியிருக்கான்னு பாருங்க. கெயின் (எரரை எவ்வளவு அழுத்தமா திருத்தணும்ங்கற டிரைவ் செட்டிங்) பக்கம் போறது கடைசியில.

ஒண்ணு கவனம்: என்கோடர் மோட்டார்லயே இருந்தா, கப்ளிங் வழுக்கினாலும் எரர் வராது. அளவு மட்டும் தப்பும்.

பதில் 2: ஹோமிங், அதாவது ஆக்சிஸோட பூஜ்யப் புள்ளியைத் தேடிப் பிடிக்கறதையும் சேர்த்துக்கறேன். ஆக்சிஸ் மெதுவா ஹோம் சுவிட்சைத் தொட்டு, அடுத்து வர்ற இசட் பல்ஸை வெச்சு பூஜ்யத்தைப் பிடிக்கும். இசட் பல்ஸ்னா என்கோடர் தர்ற அடையாள சிக்னல், ஒரு சுற்றுக்கு ஒண்ணுதான். சுவிட்ச் விழுற இடம் அந்தப் பல்ஸுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்தா, ஒரு நாள் இந்தப் பல்ஸ், மறுநாள் அடுத்த பல்ஸ்னு மாறும். 5 மி.மீ. லீடு (ஒரு சுற்றுக்கு நகர்ற தூரம்) பால் ஸ்க்ரூ மோட்டாரோட நேரடியா இணைஞ்சிருந்தா பீஸ் சரியா 5 மி.மீ. தள்ளிப் போகும். இப்படி ஒரு முழுச்சுற்று அளவுக்குத் தப்பினா சுவிட்சை அரைச் சுற்று தள்ளி வைங்க.

பேட்டரி உள்ள அப்சல்யூட் என்கோடர்னா (பவர் போனாலும் பொசிஷனை ஞாபகம் வெச்சிருக்கறது), மெயின் ஆஃப்ல இருக்கும்போது என்கோடர் கேபிளைக் கழற்றினா பொசிஷன் அழிஞ்சுபோக வாய்ப்பு அதிகம்.

பதில் 3: "பல்ஸ் எவ்வளவு?"ன்னு யாராவது சொன்னா, நாலால பெருக்கினதா பெருக்காததான்னு கேட்டுக்குங்க. 2500 பல்ஸ் என்கோடர், ஏ, பி ரெண்டு சேனலோட எல்லா விளிம்பையும் எண்ணினா சுற்றுக்கு 10000 கவுன்ட். 5 மி.மீ. லீடுக்கு மி.மீ.க்கு 2000. ஸ்கேல்ல (மி.மீ.க்கு எத்தனை கவுன்ட்ங்கற செட்டிங்) 500னு போட்டுட்டா 10 மி.மீ. கேட்டா 2.5தான் நகரும்.

பதில் 4: மேல இருக்கறதை விட இது முக்கியம். எஸ்டிஓ (சேஃப் டார்க் ஆஃப், டிரைவ்ல இருக்கற பாதுகாப்பு வசதி) மோட்டாரோட டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை மட்டும்தான் எடுக்கும், மின்சாரத்தைத் துண்டிக்காது. செங்குத்து ஆக்சிஸ்ல பிரேக் பிடிக்கலைன்னா பாரம் கீழ இறங்கிடும். அதேபோல மோட்டார் அசையாம நிக்கறதால 'எனேபிள்' (டிரைவ் மோட்டாருக்குப் பவர் தர்ற நிலை) இல்லைன்னு நினைச்சு கை வைக்காதீங்க.

டிரைவைத் திறக்கணும்னா பாரத்தைத் தாங்கு கொடுத்து நிறுத்திட்டு, மெயின் ஐசோலேட்டரை ஆஃப் பண்ணி, உங்க சொந்தப் பூட்டு, டேக் ரெண்டும் போடுங்க. கெபாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்; டிரைவ் லேபிள்ல போட்டிருக்கற நிமிஷம் காத்திருந்து, டிசி பஸ்ஸை (டிரைவுக்குள்ள அந்தக் கெபாசிட்டர் இருக்கற டிசி லைன்) மீட்டர்ல அளந்த பிறகே தொடுங்க.

பதில் 1 (மறுபடியும்): ஷிப்ட் மாத்தும்போது கேட்க வேண்டியது நாலு: அலாரம் நம்பர், எந்த ஆக்சிஸ், எந்தத் திசை, வேகம் ஏறும்போதா நிக்கும்போதா.